உப்பு மூட்டைக்காரி என்ன ஆனாள்?

அந்த அக்காவிடம் எந்தக் கதையையும் பாதி சொல்லிவிட்டு நழுவ முடியாது. சொல்கிற நாம் மறந்துபோன ஆளை அவர் மறக்கமாட்டார். ஒருநாள் என் வண்டி பழுதாகி பஸ்ஸில் வந்தேன். வழியில் ஏதோ தகராறு முற்றி, கண்டக்டர் ஒரு ஆளை இறக்கிவிட்டுவிட்டார். அலுவலகத்துக்கு வந்து அதைச் சொன்னபோது, யார் முதலில் கத்தியது, கண்டக்டர் என்ன சொன்னார் என்று எல்லோரும் கேட்டார்கள். அக்கா எல்லோரும் கேட்டு முடிக்கும்வரை இருந்துவிட்டு, இறங்கின ஆளுக்கு வேறு பஸ் கிடைத்ததா என்றார். தெரியாது என்றேன்.

"அதத் தெரிஞ்சுக்காமயே வந்துட்டீங்களா தம்பி?"

கேலி இல்லை. அப்படி ஒருவன் வரமுடியும் என்பது அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் நாங்கள் சேர்ந்து வேலை பார்த்தோம். நான் சுரக்குடி. அக்கா நெரவி. என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். கணவர் நெல் சாகுபடி பார்த்துக்கொண்டிருந்தார், மகள் புதுச்சேரியில் படித்துக்கொண்டிருந்தாள். பஸ் வாடைக்குத் தலைசுற்றும் என்று கைப்பையில் எப்போதும் ஓர் எலுமிச்சம்பழம் வைத்திருப்பார். சாயங்காலத்துக்குள் அது வதங்கி நிறம் மாறியிருக்கும். அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அலுவலகத்தில் நாங்கள் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை.

அந்த நாட்களில் நாங்கள் நான்கு பேர் ஒரு தொடர் பார்த்தோம். வெளிநாட்டு மாயாஜாலத் தொடர், தமிழில் டப் செய்து ஃபோனில் வரும். நடுவில் ஒரு கடல், அதைச் சுற்றி ஐந்து ராஜ்யங்கள். கடல் வருடத்துக்கு வருடம் உறைந்துகொண்டே வருகிறது. முழுக்க உறைந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் நடந்தே வந்து அடுத்தவன் நாட்டைப் பிடிக்கலாம் என்பதுதான் கதை. பனிக்கு அடியில் ஒரு மிருகமும் உண்டு. இரண்டு சீசன் முடிந்தும் அதன் வாலை மட்டும்தான் காட்டியிருந்தார்கள்.

அக்காவுக்கு இந்தத் தொடரைப் பழக்கிவிட்டவள் அவர் மகள். முதல் சீசனோடு மகளுக்கு அலுத்துவிட்டது. அக்கா விடவில்லை. எங்களில் இன்னும் இருவர் ரிஸ்வானும் குணாவும். ரிஸ்வான் காரைக்கால் டவுன்காரன், என் வயது. டப்பிங் பிடிக்காது, ஆங்கிலத்தில்தான் பார்ப்பான், அதுவும் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு. குணா பூவத்துக்காரன். ஒப்பந்த வேலையில் கணினியில் பதிவு செய்துகொண்டிருந்தான். எங்களில் இளையவன், வாட்ஸ்அப்பில் எங்களுக்கென்று ஒரு குழு தொடங்கியவனும் அவன்தான். பேச்சில் கூச்சம், எழுத்தில் மட்டும் பக்கம் பக்கமாக வரும்.

புது எபிசோட் வெள்ளிக்கிழமை காலையில் வந்துவிடும். ரிஸ்வான் ஜும்மா தொழுகை முடித்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியதும், மதியத் தேநீரோடு விவாதம் தொடங்கும். "இழுவை" என்பான் ரிஸ்வான். அவன் எந்த எபிசோடைப் பற்றிப் பேசினாலும் அந்தச் சொல்லில்தான் தொடங்குவான். குணா உடனே மறுப்பான். இது பின்னால் வரப்போவதற்கான தயாரிப்பு, பொறுமையாகப் பார்த்தால்தான் பிடிபடும் என்பான். இரண்டு பேருமே சேர்ந்து குறை சொன்னது ஒரே ஒரு விஷயத்தில்தான். முதல் சீசனில் ஒரு படை வடகோட்டையிலிருந்து துறைமுகத்துக்கு வந்துசேர ஒரு சீசனே ஆனது. மூன்றாம் சீசனில் அதே தூரத்தை ஒரு தளபதி ஒரே காட்சி மாற்றத்தில் கடந்துவிட்டான். இங்கே குதிரை ஏறுகிறான், அங்கே இறங்குகிறான். எழுதுகிறவர்களுக்கு அவசரம் வந்துவிட்டது என்றான் குணா. அக்கா தன் பங்குக்கு, நெரவியிலிருந்து வருவதற்கே தனக்கு அரைமணி ஆகிறதே என்றார்.

ஆனால் அக்காவின் உண்மையான வழக்கு வேறு. முதல் சீசனில் ஓர் உப்பு மூட்டைக்காரி வருவாள். கடற்கரைச் சந்தையில் உப்பு சுமந்து விற்கிறவள். எதிரிகள் தேடும் இளவரசனைத் தன் மூட்டைகளுக்கு நடுவே ஒளித்துவைத்து, ஊரைத் தாண்டி உறைந்த கடல்வரை கொண்டுபோய் விடுகிறாள். பிரியும்போது இளவரசன், இங்கேயே இரு, ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அதோடு அவளைக் காட்டவில்லை. இளவரசன் ராஜாவாகிவிட்டான், கல்யாணம் செய்துகொண்டான், அண்ணனைச் சிறையில் போட்டான். வாரா வாரம் நாங்கள் சிம்மாசனத்தையும் மிருகத்தின் வாலையும் பற்றிப் பேசி ஓய்ந்ததும், அக்கா டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கேட்பார்.

"அந்த உப்பு மூட்டைக்காரி என்ன ஆனா?"

அவள் சின்னப் பாத்திரம், வேலை முடிந்துவிட்டது, அவ்வளவுதான் என்று ரிஸ்வான் விளக்குவான். ஒரு கதையில் எல்லோருக்கும் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தால் கதை நகருமா என்பான். இரு என்று சொல்லிவிட்டுத்தானே போனான், அவள் இருப்பாளே என்பார் அக்கா.

இந்தக் குணம் தொடரோடு நிற்கிற குணம் இல்லை என்பது என் தங்கை கல்யாணத்தில் தெரிந்தது.

என் சித்தப்பாவுக்கு முதலில் ஒரு மனைவி இருந்தார். நான் சின்னவனாக இருந்தபோது அவர்தான் என்னைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவார். பிறகு ஏதோ சண்டையில் தாய்வீட்டுக்குப் போனார். சித்தப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டார். எங்கள் வீட்டில் அவரைப் பற்றிய பேச்சே நின்றுவிட்டது. எப்போதோ ஒருமுறை அந்தச் சைக்கிளைப் பற்றி நான் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். எனக்கே அது நினைவில்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்த அக்கா, விசாரிக்க வந்த என் அம்மாவிடம் சாதாரணமாகக் கேட்டார்: தம்பியைச் சைக்கிளில் கூட்டிப்போவாங்களே, அந்தச் சித்தியைக் காணோமே, வரவில்லையா? பக்கத்து இலைக்குப் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தது இப்போதைய சித்தி. அம்மா உள்ளே போய்விட்டார். அந்தம்மாவை இனிமேல் ஒரு விசேஷத்துக்கும் கூப்பிடாதே என்று அன்று சாயங்காலமே என்னிடம் சொல்லிவிட்டார்.

மறுவாரம் அலுவலகத்தில் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சங்கடப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாங்கள் அந்தச் சித்திக்குப் பத்திரிகை வைத்தோமா என்றார். இல்லை என்றேன்.

"அப்ப வரலன்னு சொல்லாதீங்க தம்பி. கூப்புடலன்னு சொல்லுங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. சில நாட்கள் அவரிடம் வேலையைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஒன்று நடந்தது. அதற்கு அடுத்த மாதம் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, நான் கேட்காமலே, அவள் திருவாரூர்ப் பக்கம் ஒரு மாணவர் விடுதியில் சமையல் செய்கிறாளாம் என்றார். அத்தனை வருடத்தில் அம்மா அந்தச் சித்தியைப் பற்றிச் சொன்ன ஒரே வாக்கியம் அது.

அக்காவின் இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஏதாவது இருக்கும் என்று ரிஸ்வான் நினைத்தான். வீட்டில் யாரோ காணாமல் போயிருக்க வேண்டும் என்பது அவன் ஊகம். ஒருநாள் சுற்றிவளைத்துக் கேட்டும் பார்த்தான். அப்படி யாரும் இல்லை. கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் நெரவியிலேயே இருக்கிறார்கள், வரப்புத் தகராறில் ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருக்கிறார்களே தவிர எல்லோரும் நலம் என்றார் அக்கா. ரிஸ்வானுக்கு ஏமாற்றமாக இருந்தது.

மூன்றாம் சீசனின் நடுவில் ஓர் எபிசோட் முழுக்க நடை. ராஜாவின் தங்கை உறைந்த கடல்மேல் நடந்துகொண்டே இருப்பாள். வசனம் மிகக் குறைவு. குழுவில் குணா அதைப் புகழ்ந்து நீளமாக எழுதினான். ரிஸ்வான் அதற்குக் கீழே, எபிசோடைவிட இவன் விளக்கம்தான் பெரிய இழுவை என்று எழுதி, தூங்கி வழிகிற ஒருவரின் படத்தையும் போட்டான். நானும் சிரித்து வைத்தேன். குணா பதில் எழுதவில்லை. அடுத்த நாட்களில் அலுவலகத்தில் அவன் யாரோடும் சேரவில்லை. தேநீருக்கு வரச்சொல்லி ரிஸ்வான் பின்னாலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டும் அவன் திரும்பவே இல்லை. இவ்வளவு ரோஷம் ஆகாது என்று ரிஸ்வானும் விட்டுவிட்டான். பிறகு குணா குழுவிலிருந்து வெளியேறினான். அந்த மாதத்தோடு அவனுடைய ஒப்பந்தமும் முடிந்தது. புதுப்பித்துத் தரச்சொல்லி மனுக் கொடுக்க அவன் வரவில்லை. அவன் நாற்காலியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள்.

வேறு வேலை கிடைத்திருக்கும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அக்கா அவன் எண்ணுக்குத் தினமும் கூப்பிட்டார். ஃபோனை அணைத்து வைத்திருந்தான். தேநீர் நேரத்தில் உப்பு மூட்டைக்காரியின் பேச்சு நின்று, குணா என்ன ஆனான் என்ற கேள்வி வந்தது. ரிஸ்வானைப் பார்த்துத்தான் கேட்பார் என்றில்லை. ஆனால் ரிஸ்வானுக்கு அப்படித்தான் இருந்தது. அவன் தேநீரை இடத்திலேயே குடிக்கத் தொடங்கினான்.

ஒரு சனிக்கிழமை காலையில் அக்கா எனக்கு ஃபோன் செய்து, பூவத்துக்குப் போகவேண்டும், வண்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார். வீடு தெரியுமா என்றேன். ஊர் தெரியுமே என்றார்.

மூன்று இடத்தில் விசாரித்துக் கண்டுபிடித்தோம். சாலையிலிருந்து கடல்பக்கம் உள்ளே தள்ளி, வயலை ஒட்டிய வீடு. குணாவின் அம்மா வைக்கோலை உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். ஆபீஸிலிருந்து வருகிறோம் என்றதும் அவர் முகம் மாறியது. அவன் யாரையும் பார்ப்பதில்லை, நீங்கள் வந்ததாகச் சொல்கிறேன், போங்கள் என்றார். அக்கா, சரிம்மா என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் குணாவே ஏதோ எடுக்க வெளியே வந்தான். தாடி வளர்ந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் நின்றான். பிறகு, அவன் எப்போதும் பேசாத அளவுக்குச் சத்தமாகச் சொன்னான்.

"எனக்குக் காது கேக்கலக்கா."

ஒருநாள் காலையில் எழுந்தபோது ஒரு காது அடைத்திருந்ததாம். மறுகாதில் இரைச்சல். சளியால் இருக்கும் என்று யாரிடமும் சொல்லவில்லை. நாளுக்கு நாள் அதுவும் மங்கியது. அலுவலகத்தில் யாராவது பேசினால் வாயைப் பார்த்துச் சமாளித்திருக்கிறான். பின்னாலிருந்து ரிஸ்வான் கூப்பிட்டது அவன் காதில் விழவே இல்லை. ஃபோன் எடுத்தால் பேச முடியாது என்று அணைத்து வைத்துவிட்டான். தெரிந்த ஒருவர் கொடுத்த சொட்டு மருந்தை ஊற்றியிருக்கிறார்கள். ஏழரைச் சனி என்று யாரோ சொல்ல, திருநள்ளாறு குளத்தில் முழுக்குப் போட வைத்திருக்கிறார்கள். பெரிய டாக்டரிடம் போகலாம் என்றால் அவன் எழுந்திருக்க மாட்டேன் என்கிறான் என்று அவன் அம்மா சொல்லி அழுதார்.

அக்கா அழவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. என் ஃபோனை வாங்கித் தமிழில் தட்டித் தட்டிக் கேட்டார். எந்தக் காது முதலில், எந்த மாதம், காய்ச்சல் இருந்ததா, சொட்டு மருந்து பெயர் என்ன. அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் சலித்து, என்னை விட்டுவிடுங்கள், நான் இப்படியே இருந்துகொள்கிறேன் என்றான். அக்கா வெகுநேரம் தட்டினார். அவன் படித்தபிறகு நானும் வாங்கிப் பார்த்தேன்.

"போறதுன்னா போ. போறேன்னு ஒரு ஆளுகிட்டயாவது சொல்லிட்டுப் போ. இல்லன்னா நான் கேட்டுக்கிட்டேதான் இருப்பேன்."

அதைப் படித்துவிட்டு அவன் சிரித்த மாதிரி இருந்தது. பிறகு நாங்கள் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னான். வெள்ளிக்கிழமை மட்டும் ஃபோனைப் போட்டு எபிசோடை ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறானாம், சத்தம் இல்லாமல். திரைக்குக் கீழே வசனம் ஆங்கில எழுத்தில் ஓடும், ஆனால் அவன் படித்து முடிப்பதற்குள் போய்விடும். அதனால் முகங்களைப் பார்த்துக் கதையை அவனே புரிந்துகொண்டிருந்தான். அந்தக் கதையை எங்களுக்குச் சொன்னான். அவன் சொன்னதில் தங்கை சிறையிலிருக்கும் பெரிய அண்ணனை மன்னித்து, கட்டிக்கொண்டு, காதோடு ஏதோ ஆறுதல் சொல்கிறாள். உண்மையில் அந்தக் காட்சியில் அவள் சொன்னது, நாளைக் காலையில் உன்னைத் தூக்கில் போடப்போகிறார்கள் என்பது. நான் திருத்த வாயெடுத்தேன். அக்கா என் கையில் தட்டினார். அவன் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, உப்பு மூட்டைக்காரியைப் பற்றிய தன் பழைய கேள்வியைத் தட்டிக் காட்டினார்.

"அவ செத்துட்டாக்கா," என்றான் குணா. "நீங்க பாக்கலயா? அந்தத் தங்கச்சி நடந்துவர்ற எபிசோட்ல, பனிக்குள்ள ஒரு மூட்டை கெடக்கும். பக்கத்துல ஒரு கை."

அங்கேயே போட்டுப் பார்த்தோம். தங்கை நடக்கிறாள். காமிரா அவளோடு போகிறது. ஓரத்தில் பனிக்கு அடியில் மங்கலாக ஒரு மூட்டை, அதன் கயிற்றைப் பிடித்தபடி விரல்கள். ஒரு நொடிகூட இல்லை. காட்சி நகர்ந்துவிட்டது. அக்கா திரும்பத் திரும்ப மூன்று நான்கு தடவை பார்த்தார். பிறகு ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டு, குணாவின் அம்மா தந்த மோரைக் குடித்தார்.

"இருந்த எடத்துலயேதான் இருந்திருக்கா," என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை அக்கா விடுப்புப் போட்டார். மகளை விட்டு விசாரித்து, குணாவையும் அவன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போனார். உடனே வந்திருந்தால் முழுக்க மீட்கக்கூட வாய்ப்பு இருந்தது என்றாராம் டாக்டர். இப்போது ஒரு காது போனது போனதுதான். மற்றொன்றில் கருவி வைத்தால் ஓரளவு கேட்கும். திரும்பி வரும் வழியில் கடலூர் தாண்டியதும் குணா தூங்கிவிட்டான் என்று அக்கா சொன்னார். நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று அவர் சொல்லவில்லை.

ரிஸ்வானிடம் நான்தான் விஷயத்தைச் சொன்னேன். கூப்பிட்டும் திரும்பாததன் காரணத்தைச் சொன்னபோது அவன் எழுந்து வெளியே போய்விட்டான். மறுவாரம் வெள்ளிக்கிழமை தேநீருக்கு அவன் வரவில்லை. மேசையில் ஃபோனை நிறுத்திவைத்து, புது எபிசோடை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் தட்டிக்கொண்டிருந்தான். இன்ன காட்சி, பேசுவது இன்னார், சொல்வது இது. சனிக்கிழமை மதியம் முடித்து குணாவுக்கு அனுப்பினான். வேகத்தைக் கூட்டிப் பார்க்கிற ஆள், சீசன் முடியும்வரை வாரா வாரம் அதைச் செய்தான். மன்னிப்பு என்று எதுவும் அவன் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

சில வாரம் கழித்து குணா குழுவுக்குத் திரும்பி வந்தான். வந்ததும், ரிஸ்வானின் மொழிபெயர்ப்பில் ராணி பேசும் தமிழ் காரைக்கால் மார்க்கெட் தமிழாக இருக்கிறது என்று குறை எழுதினான். ரிஸ்வான் பதிலுக்கு, அந்த மூட்டை உப்பு மூட்டைதான் என்பதற்கு என்ன ஆதாரம், எந்த மூட்டையும் மூட்டைதானே என்று கேட்டான். அந்தச் சண்டை இரண்டு நாள் ஓடியது. எழுத்தில் நடக்கிற சண்டை என்பதால் குணாவுக்குக் காது தேவைப்படவில்லை.

அடுத்த வருடம் அக்காவுக்குப் பதவி உயர்வு வந்தது. புதுச்சேரி அரசு வேலையில் பதவி உயர்வு என்றால் கூடவே மாகேவுக்கோ ஏனாமுக்கோ மாற்றலும் வரும். அக்காவுக்கு ஏனாம். கோதாவரிக் கரை, சுற்றிலும் ஆந்திரா. வழியனுப்பு விழாவில் மாலை போட்டார்கள், அக்கா இரண்டு வரி பேசினார், எலுமிச்சம்பழத்தோடு கிளம்பிப் போனார். நான் அவரை அதற்குப் பிறகு நேரில் பார்க்கவில்லை. இப்போது ஓய்வு பெற்று மகள் வீட்டில் இருப்பதாகக் கேள்வி.

அவர் ஏனாமுக்குப் போய் இரண்டொரு மாதத்தில் குணாவுக்குக் காரைக்காலில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணினி வேலை கிடைத்தது. அதைச் சொல்ல அக்காவுக்கு ஃபோன் செய்தேன். என்ன வேலை, காதில் வைத்த கருவி எப்படி இருக்கிறது, அவன் அம்மா எப்படி இருக்கிறார் என்று எல்லாம் கேட்டார். அவர் எப்படி இருக்கிறார் என்று நானும் கேட்டேன். வீடு பரவாயில்லை, சாப்பாட்டில்தான் காரம் அதிகம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். அங்கே அவருக்குக் கொடுத்த மேசையில், இழுப்பறைக்குள் ஒரு மூக்குக் கண்ணாடியும் ஒரு ஜோடிச் செருப்பும் இருக்கின்றனவாம். முன்னால் அந்த மேசையில் இருந்தவருடையவை. அவர் எங்கே போனார் என்று கேட்டால் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை, கண்ணாடி இல்லாமல் அந்த ஆள் என்ன செய்கிறாரோ என்றார்.

விட்டுவிடுங்கள் அக்கா, புது ஊர், பாஷையும் தெரியாது என்றேன்.

"பாஷதான் தம்பி வர மாட்டேங்குது," என்றார். "அவரு ஊரக் கண்டுபுடிச்சுட்டேன். ஞாயித்துக்கெழம போறேன்."